நர்ஸம்மா வீட்டுக் கெளுத்தி

கெளுத்தி லேசில் சாகிற மீன் இல்லை. கண்மாய் வற்றி, சேறு காய்ந்து, கொக்கெல்லாம் வேறு ஊர் பார்த்துப் போன பிறகும் கடைசிக் குழிக்குள் மீசையை ஆட்டிக்கொண்டு கிடப்பது கெளுத்திதான். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கூடையில் போட்டு, மேலே ஈரச்சாக்கை மூடி, பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்து சந்தையில் வெயிலில் கொட்டினாலும் 'கீச் கீச்' என்று சத்தம் போடும். அரிவாள்மனைக்கு முன்னால் வரும்போதுதான் அதற்கே தன் நிலைமை தெரியும். அப்பேர்ப்பட்ட மீன் சங்கரன்கோவிலில் ஒரே ஒரு வீட்டில் மட்டும், கண்ணாடித் தொட்டிக்குள், ராஜ மரியாதையோடு வைத்துப் பார்த்தும் செத்துச் செத்து மிதந்தது. அது எங்கள் நர்ஸம்மா வீடு.

அவருக்குப் பேர் இல்லாமல் இல்லை. ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பேர் ஒன்று இருந்தது. ஆனால் ஊரில் பாதிப் பேரைப் பிறந்த அன்றே தலைகீழாகத் தூக்கிப் பிடித்து முதுகில் தட்டியவரைப் பேர் சொல்லிக் கூப்பிட யாருக்குத் துணிச்சல் வரும்? எழுபதுகளின் கடைசியில், வீட்டோடு சேர்ந்த என் சைக்கிள் கடைக்கு நேர் எதிர் வீட்டில் இருந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்து, கவர்மெண்ட் உத்தியோகம் பார்த்து, ரிட்டையர் ஆகி, வீட்டு முன்னறையில் இரண்டு பெஞ்சும் உள்ளறையில் ஒரு கட்டிலும் போட்டுப் பிரசவம் பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைச் சேலை, இறுக்கி முடிந்த கொண்டை, மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய வாட்ச். குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

"என் வாசலுக்கு வந்தது உசுரோடதான் திரும்பும்" என்பார். பெருமையடிக்கிற மாதிரி இருக்காது. ரேஷன் கடையில் இன்றைக்குச் சீனி உண்டு என்று சொல்கிற மாதிரி சொல்வார். ஊரும் அதை நம்பியது. கைராசிக்காரி என்று பேர். ராயகிரியிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் பிள்ளைத்தாச்சிகளை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நர்ஸம்மா வலது கையை வயிற்றில் வைத்துவிட்டால் போதும், பாதி வலி போய்விடும் என்று பெண்கள் சொல்வதை நானே பஞ்சர் ஒட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

அந்தக் கைக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் சும்மா விடத் தெரியாது. துடைக்க வேண்டும், கழுவ வேண்டும், கொதிக்க வைக்க வேண்டும். "சுத்தம் சோறு போடும்லே" என்பது அவருடைய காலை வணக்கம். சர்ச் போதகர் ஜெபம் பண்ண வந்தாலும் முதலில் கையைக் கழுவ வேண்டும், பிறகுதான் ஜெபம். ஒருமுறை யாரோ நன்றிக்கு ஒரு நாட்டுக்கோழியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை அறுக்கவும் மனசில்லை, அப்படியே விடவும் மனசில்லை. கார்பாலிக் சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, துண்டால் துவட்டி, நகம் வெட்டப் போகும்போது கோழி துள்ளிக் குதித்துத் தெருவைத் தாண்டி என் கடைக்குள் ஓடிவந்து வாடகை சைக்கிள்களுக்குக் கீழே புகுந்துகொண்டது.

"ஏலே, அது எங்கன?"

"எது நர்ஸம்மா?"

"பொய் சொல்லாதெ. ஒரு கால்ல நகம் பாக்கி இருக்கு."

நான் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கோழி என் கடையிலேயே ரொம்ப காலம் இருந்து முட்டையிட்டது. அதை நான் ஒரு பாடமாக எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

மீன் தொட்டி வந்தது சினிமாக் கொட்டகை ஆப்பரேட்டரால். அவர் மனைவிக்குப் பிள்ளை கால் முன்னால் வந்து, நர்ஸம்மா ஒரு பகல் முழுக்கப் போராடி எடுத்துக் கொடுத்தார். ஆப்பரேட்டர் சந்தோஷத்தில் மதுரைக்குப் போய் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டியும் நாலைந்து கலர் மீனும் வாங்கிவந்து முன்னறையில் வைத்தார். கலர் மீன்கள் அந்த வாரமே போய்ச் சேர்ந்தன. "அது மதுரை மீனு. நம்ம தண்ணி ஒத்துக்கல" என்று நர்ஸம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெறும் தொட்டி கொஞ்ச நாள் கிடந்தது. அப்புறம் கரிவலத்து விவசாயி ஒருவர், மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆன மகிழ்ச்சியில், குழம்புக்கு என்று ஒரு பானையில் உயிர்க் கெளுத்தி கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து மீசையோடு ஒரு முகம் மேலே பார்க்கிறது. அதன் பிறகு அந்த மீனை எப்படி அரிவாள்மனையில் வைப்பது? தொட்டிக்குள் விட்டார்.

அந்தத் தொட்டி பெஞ்சுக்கு எதிரே, வாசலை ஒட்டி இருந்தது. வலி வந்து உட்கார்ந்திருக்கிற பெண்கள் அதைப் பார்த்தார்கள். "அங்க பாரு, மீசைக்காரன்" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி வலியோடு வலியாகச் சிரித்தாள். நர்ஸம்மா அதைக் கவனித்துவிட்டார். மறுநாள் என் கடைக்கு வந்து நின்றார்.

"ஏலே, மொதப் பிரசவத்துக்கு வாரவ முகத்த நீ பாத்திருக்கியா? செவுத்தப் பாப்பா, மூலையப் பாப்பா, வாசலப் பாப்பா. கண்ணு நிக்காது. நேத்து அந்த ராயகிரிப் பிள்ளை மீனையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, சத்தமே போடாம உள்ள வந்து படுத்தா. மீனு நல்ல மருந்துலே."

மருந்து என்று ஆனபிறகு விடுவாரா? தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றினார். சும்மா தண்ணீர் இல்லை. கத்தரிக்கோலும் ஊசியும் கொதிக்கிற அதே அடுப்பில் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிய தண்ணீர். அதில் வாய் கொப்பளிக்கிற ஊதா மருந்து ஒரு சிட்டிகை. அடியில் கிடந்த கூழாங்கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். தெர்மாமீட்டரை விட்டுச் சூடு பார்ப்பார். கடைசியாக மீனைக் கையில் எடுத்து, பஞ்சால் முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே விடுவார். கெளுத்தி முதல் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. "சாப்பாடு கேக்குது" என்று இட்லியைப் பிய்த்துப் போட்டார். இரண்டாம் நாளும் வாயைத் திறந்தது, மறுபடி இட்லி. அப்புறம் ஒருநாள் மல்லாந்தது.

அது கேட்டது இட்லி இல்லை, மூச்சு. கொதித்த தண்ணீரில் காற்று இருக்காது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனாலும் மீன் மூச்சுத் திணறுகிற மாதிரி எனக்குப் பட்டதால் சைக்கிள் பம்ப்பைக் கொண்டுபோய், வால்வுக்குப் போடுகிற மெல்லிய ரப்பர் வால்டியூபை மாட்டி, தண்ணீருக்குள் காற்றடித்துப் பார்க்கிறேன் என்றேன். நர்ஸம்மா பம்ப்பை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதக் கொதிக்க வச்சியா?"

"பம்ப்பையா?"

"டியூபையாவது கொதிக்க வை."

கொதிக்க வைத்தோம். தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் விட்டதில் டியூப் கருகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நாற்றத்தில் பெஞ்சில் இருந்த இரண்டு பேருக்கு வாந்தி வந்ததுதான் மிச்சம்.

முதல் கெளுத்தி செத்த அன்று காலையில் நர்ஸம்மா என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடாமல் கூப்பிட்டதே எனக்குத் திக்கென்றது. மீன் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது.

"செத்துட்டா நர்ஸம்மா?"

"மெதுவாப் பேசு மூதி" என்றார். "ஒரு மாதிரியா இருக்கு."

ஒரு மாதிரியா இருக்கு! வாய்ப்பிளந்து, கண் வெளுத்து, நாற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் செத்துப்போய்விட்டது என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. பிள்ளைத்தாச்சிகள் வந்து உட்காருகிற இடத்தில் ஒரு உயிர் போனது தெரியக் கூடாது என்றார். சந்தையில் மீன்காரம்மாவிடம் உயிரோடு இருக்கிற கெளுத்தி ஒன்று வாங்கி, பத்து மணிக்கு ஆள் வரும் முன்னால் உள்ளே விட வேண்டும் என்றார். நானும் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்று பிடித்த ஓட்டம் வாரா வாரம் தொடர்ந்தது.

செத்த மீன்களைக் கொல்லையில் முருங்கைமரத்தடியில் புதைத்தோம். அந்த வருஷம் முருங்கை காய்த்த காய்ப்பு இருக்கிறதே! தெருவுக்கே கொடுத்தார். எங்கள் வீட்டிலும் சாம்பார் வைத்தார்கள். எனக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

பிரச்சினை என்னவென்றால் சந்தையில் நமக்கு வேண்டிய சைஸில் மீன் வராது. ஒரு வாரம் சாண் நீளம், மறு வாரம் விரல் நீளம். "என்ன நர்ஸம்மா, மீசைக்காரன் மெலிஞ்சிட்டான்?" என்று ஒரு பெண் கேட்டால் "பத்தியத்துல இருக்கான்" என்பார். அடுத்த வாரம் அது இரண்டு மடங்காக நிற்கும். "பத்தியம் முறிச்சாச்சு" என்பார். அவர் முகத்தில் ஒரு கோடு அசையாது. மீன்காரம்மாவோ நான் வாரா வாரம் உயிர்க்கெளுத்தி வாங்குவதைப் பார்த்துவிட்டு, "ஏலே, மாசமா இருக்கவளுக்கு இம்புட்டுக் கெளுத்தி கொடுக்காதெ, பிள்ளை மீசையோட பொறக்கும்" என்றாள். ஆமாம், அந்தச் சமயத்தில் என் மனைவி முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை.

நடுவில் ஒரு கெளுத்திக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்தது. நர்ஸம்மா தனக்குத் தெரிந்த களிம்பெல்லாம் யோசித்து ஓய்ந்துபோனார். எங்கள் ஊரில் தோலில் என்ன வந்தாலும் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவதுதான் வழக்கம். என் மனைவி அதைச் சொன்னதும் நர்ஸம்மாவுக்குக் கோபம் வந்தது.

"ஏட்டி, நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ. எங்கிட்டப் போயி இதச் சொல்லுதியே."

இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்தார். சைக்கிள் பெல்லைத் துடைத்தார். ஹேண்டில்பாரைத் துடைத்தார். அப்புறம் எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏலே, அந்த மண்ணு... மண்ணுதானே?"

"மண்ணுதான் நர்ஸம்மா."

"மண்ண எல்லாம் படைச்சது கர்த்தர்தானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்போ கொஞ்சம் கொண்டா. ஆருகிட்டயும் சொல்லாதெ."

கொண்டுவந்தேன். வறுத்துப் போடவா என்று கேட்டார், கோயில் மண்ணை வறுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னதால் அப்படியே போட்டார். தொட்டி கலங்கிப்போனது. அந்தக் கலங்கலுக்குள் கெளுத்தி ஒளிந்துகொண்டு, சேற்றைக் கிளறிக்கொண்டு, ஒரு மாதம்போலச் சௌக்கியமாக இருந்தது. அம்மன் சக்தி என்று என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் கலங்கிய தண்ணீரைப் பார்க்கப் பார்க்க நர்ஸம்மாவுக்குக் கை ஊறியது. கிறிஸ்துமஸுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது தொட்டியையும் சேர்த்துக் கழுவிவிட்டார். புது வருஷத்துக்குள் மறுபடி முருங்கைமரத்தடி.

அதற்கு அடுத்த மீன்தான் கொத்தியது. கெளுத்திக்கு இரண்டு பக்கமும் முள் உண்டு. காலையில் முகம் துடைக்கக் கையில் எடுத்தபோது துள்ளிய துள்ளலில் முள் வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. கை பன் மாதிரி வீங்கியது. இரண்டு பிரசவத்தை அவரே ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அவ்வளவுதான், பேச்சு கிளம்பிவிட்டது. நர்ஸம்மா கையை மீன் கொத்திவிட்டது, கைராசி போய்விட்டது என்றார்கள். அந்தப் பேச்சு பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஏறி ராயகிரி வரைக்கும் போனது. வீக்கம் வற்றிய பிறகும் பெஞ்சில் ஆள் குறைந்தது. வெளியூர் வண்டிகள் நேரே ராஜபாளையம் போயின. உள்ளூர்க்காரிகள்தான் வந்தார்கள், அதுவும் நாலைந்து பேர். நர்ஸம்மா காலியான பெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. கத்தரி, ஊசி, கிண்ணம் எல்லாவற்றையும் யாருக்கும் தேவையில்லாமல் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை கொதிக்க வைப்பார்.

"தொட்டியத் தூக்கி வெளிய போட்டுருவோம் நர்ஸம்மா" என்றேன் ஒருநாள்.

"போட்டா? 'நர்ஸம்மா வீட்ல இருந்த உசுரு போயிட்டு'ன்னு ஆயிரும். இருக்கட்டும். உள்ள ஒண்ணு நீந்திக்கிட்டே இருக்கணும்" என்றார்.

அந்தப் பேச்சு சிவகிரியில் என் மாமியார் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், வயலில் தனியாக நின்று தண்ணீர் பாய்ச்சுகிறவர், இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுகிறவரை நம்பாதவர். மகளுக்கு மாதம் நெருங்கியதும் ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார்.

"மாப்பிள்ள, எம் மகளை ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவணும். அந்தம்மா கை ராசி போயிட்டாம்லா."

"நான் நர்ஸம்மாகிட்டதான் போவேன்" என்றாள் என் மனைவி. அம்மாவுக்குத் தப்பாத மகள். வீட்டுக்குள் இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் என் வழியாகச் சொன்னார்கள். எதிர்வீட்டில் நர்ஸம்மா என் முடிவுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. சிவகிரிக்காரியின் மகள் நர்ஸம்மா வீட்டுக் கட்டிலில் பிள்ளை பெற்றால் பேச்சு நின்றுபோகும். ராஜபாளையம் போனால், எதிர்வீட்டுக்காரனே நம்பவில்லை என்று ஆகிவிடும், அதன் பிறகு பெஞ்சுக்கு யாரும் வர மாட்டார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

வலி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் யாரையும் கேட்காமல் வந்துவிட்டது. மாமியார் "கார்" என்று வாயெடுப்பதற்குள் என் மனைவி தானாகவே எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவைத் தாண்டி, நர்ஸம்மா வீட்டுக்குள் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். மாமியார் பின்னாலேயே போனார். நான் அவர் பின்னால் போனேன். முன்னறைக்குள் கால் வைத்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. தொட்டியில் மீன் மல்லாந்து கிடந்தது.

நர்ஸம்மா அதற்குள் உள்ளறைக்குப் போய்விட்டிருந்தார். நான் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தொட்டி மேல் போட்டேன். துண்டு தண்ணீரில் நனைந்து ஒரு பக்கமாக உள்ளே இறங்கியது. சரி என்று தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"உக்காருங்க மாப்பிள்ள" என்றார் மாமியார்.

"இல்ல அத்தை, நிக்கேன்."

"அப்போ அங்கிட்டு நில்லுங்க. காத்த மறைக்கீக."

நான் நகரவில்லை. பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களும் என்னையே பார்த்தார்கள். மாமியார் எழுந்து வந்து என்னை ஒரு கையால் ஒதுக்கினார், வரப்பில் வண்டலை ஒதுக்குகிற கை அது. துண்டைத் தூக்கினார். பார்த்தார்.

"செத்த மீனை வச்சுக்கிட்டு இருக்கீகளா? இந்த வீட்டுலயா எம் மக பிள்ளை பெக்கணும்? கார் பிடிங்க மாப்பிள்ள. இப்பவே பிடிங்க."

சத்தம் கேட்டு நர்ஸம்மா வெளியே வந்தார். கை முழங்கை வரை ஈரம். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உதடு அப்படித்தான் குவிந்தது.

"ஆமா மதினி" என்றார். "செத்துட்டு."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

"இது மட்டும் இல்ல. இதுக்கு முன்னால இருந்ததும் செத்துட்டு. அதுக்கு முன்னால இருந்ததும் செத்துட்டு. இன்னா நிக்கானே, இவன்தான் ஒவ்வொண்ணா வாங்கிட்டு வந்து போட்டான். எனக்கு மீனு வளக்கத் தெரியல. பிள்ளை எடுக்கத் தெரியும். அதுலயும் எல்லாம் பிழைச்சதுன்னு சொல்ல மாட்டேன். உள்ள ஒங்க மகளுக்கு நேரம் ஆயிட்டு. நான் உள்ள போகவா, வேண்டாமா?"

அப்போது உள்ளறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. அந்தக் குரல் அன்று பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்கும்.

"அது வாராவாரம் சாகுததுதானே! அதுக்கு என்னத்துக்கு இப்பப் பஞ்சாயத்து? நீங்க உள்ள வாங்க நர்ஸம்மா!"

நர்ஸம்மா திகைத்துப்போனார். "ஏட்டி, ஒனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்! ஐயோ அம்மா..."

பெஞ்சில் இருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி சொன்னாள்: "போன மாசம் ஒத்த மீசை ஒடிஞ்ச மீனு நின்னுச்சு. மறுவாரம் வந்தா முழு மீசையோட நிக்குது. மீசை மொளைச்சிட்டுன்னு நாங்க நம்புனோம்னா நெனைச்சீக?"

"பின்ன ஏன் ஒருத்தியும் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க சங்கடப்படுவீகள்லா" என்றாள் அவள்.

நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரக்கையால் துடைக்கக் கூடாதே என்று அப்படியே நின்றார். வாழ்நாள் முழுக்க மற்றவர் பயத்தைப் பார்த்துக்கொண்டவரை இத்தனை பேர் ஓசைப்படாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கும் என்னவோபோல் ஆகிவிட்டது. எல்லோரையும் ஏமாற்றுகிறேன் என்று வாராவாரம் சந்தைக்கு ஓடிய முட்டாள் நான் ஒருத்தன்தான்.

மாமியார் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நாலு பெத்து ஒண்ணப் பறிகொடுத்தவ நான். அன்னைக்குப் பாத்த மருத்துவச்சி, பொழுது சாயுத வரைக்கும் பிள்ளை தூங்குதுன்னே சொன்னா. மடியில வச்சுத் தட்டிக்கிட்டே இருந்தேன்."

நர்ஸம்மா அவரையே பார்த்தார்.

"செத்ததச் செத்துட்டுன்னு சொல்லுத ஆளு வேணும். நீங்க உள்ள போங்க தாயி. எம் மகளப் பாருங்க."

மத்தியானம் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் அழவில்லை. கதவுக்கு வெளியே நானும் மாமியாரும் நிற்கிறோம், உள்ளே சத்தமே இல்லை. நர்ஸம்மாவின் கை மட்டும் கேட்டது. தட்டுகிற சத்தம், தேய்க்கிற சத்தம், ஊதுகிற சத்தம், மறுபடி தட்டுகிற சத்தம். எந்தக் கை எத்தனையோ கெளுத்தியைச் சும்மா விடாமல் கொன்றதோ, அந்தக் கைதான். இதை மட்டும் விட்டுவிடாதே ஆத்தா, விட்டுவிடாதே என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு குரல் வந்தது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெண் பிள்ளை. மீசை இல்லை.

மாமியார் நன்றியை வாயால் சொல்கிற ஆள் இல்லை. சிவகிரிக்குப் போய்விட்டு வந்தபோது ஒரு குடத்தில் கண்மாய்த் தண்ணீரும், ஒரு சட்டியில் சேறும், அதில் விரல் நீளக் கெளுத்தி ஒன்றும் கொண்டுவந்தார். தொட்டியைக் கழுவ ஓடிய நர்ஸம்மாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, சேற்றைக் கொட்டி, பாசிக் கொடி ஒன்றைப் போட்டு, கலங்கிய தண்ணீரை ஊற்றி, மீனை விட்டார்.

"சுத்தம் சோறு போடும்..." என்று நர்ஸம்மா ஆரம்பித்தார்.

"சோறு போடும். இதுக்கு மூச்சு போடுமா?" என்றார் மாமியார். "கொதிக்க வைக்கப்படாது. கழுவப்படாது. பஞ்சு கிஞ்சு எடுக்கப்படாது. கையே வைக்கப்படாது. இன்னா, எம் மக எதிர்த்தாப்பல இருந்து பாத்துக்கிட்டே இருப்பா."

மீன் பிழைத்தது. பிழைத்தது என்ன, கொழுத்தது. நர்ஸம்மாவுக்குத்தான் அந்த நாட்கள் கடினமாகப் போயின. தொட்டிக்கு முன்னால் நிற்பார், கண்ணாடியில் பாசி படிவதைப் பார்ப்பார், விரல்கள் துடிக்கும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பொறுக்க முடியாமல் போனால் தெருவைத் தாண்டி வந்து என் கடையில் இருக்கிற சைக்கிளையெல்லாம் துடைத்துவிட்டுப் போவார். ஊரிலேயே சுத்தமான வாடகை சைக்கிள் என் கடையில்தான் கிடைத்தது. வெளியூர் வண்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 'என் வாசலுக்கு வந்தது' என்கிற பழைய வசனத்தை மட்டும் நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

என் மகள் தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிற வயதில் ஒருநாள் கடை வாசலில் வீலுக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் நர்ஸம்மா தொட்டியருகே, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பெஞ்சில் கரிவலத்துப் பிள்ளைத்தாச்சி ஒருத்தி, முதல் பிரசவம்போல, மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுப் பெரிசா இருக்கே நர்ஸம்மா. எப்படி வளத்தீக?"

"நான் எங்கட்டி வளத்தேன்? அதுவா இருக்கு. நான் கைகூட வைக்கதில்ல" என்றார் நர்ஸம்மா.

முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த வலது கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.